தட்டில் வைத்த கை

அநியாயம் இழைக்கப்பட்டவர்கள் இரண்டு பேர், அக்கா. ஒன்று பொரி. இன்னொன்று நான். பொரிக்கு நடந்தது என்னவென்றால், பதினோரு மாதக் குட்டி என்றுகூடப் பார்க்காமல், அவன் தரப்பில் என்ன நியாயம் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், கோழிப்பண்ணைக்கு அனுப்ப வண்டி பேசிவிட்டார்கள். எனக்கு நடந்தது இன்று காலை ஏழே காலுக்கு. அதை வரிசைப்படிதான் சொல்ல வேண்டும். முன்னாலேயே சொன்னால் நீங்களும் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

இல்லை, அழவில்லை. எனக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணில்தான் தெரியும். நீங்கள் திருமங்கலத்தில்தானே இறங்க வேண்டும்? கண்டக்டரிடம் கேட்டதைக் கவனித்தேன். இப்போதுதான் கிருஷ்ணன்கோவில் தாண்டுகிறது, நேரம் இருக்கிறது. முழுதாகக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் யாரும் முழுதாகக் கேட்பதில்லை. நான் பேச ஆரம்பித்ததும் அப்பா கடைச் சாவியை எடுத்துக்கொள்வார். அம்மா குக்கரைத் திறக்கப் போவாள். விசில் அடங்கியிருக்காது, ஆனாலும் போவாள்.

நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, அரசியல் அறிவியல். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் இதே பஸ்ஸில்தான் பல்கலைக்கழகம் போய் வருகிறேன். கல்லூரியில் மூன்று வருடமும் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு எனக்குத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தின் இரண்டு பக்கத்தையும் பார்க்கத் தெரிந்தவள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பொரி எங்கள் வீட்டு நாய். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. அங்கே வாடிக்கையாக வரும் கண்ணுச்சாமி என்பவர் மாந்தோப்பில் காவல் இருக்கிறார். அவர் கொடுத்த குட்டி. ராஜபாளையம் ஜாதி பாதி, மீதி என்னவென்று அவருக்கே தெரியாது. வெள்ளை வெளேரென்று பொரியுருண்டை மாதிரி இருந்தான். நான்தான் மடியில் வைத்துத் தூக்கி வந்தேன், நான்தான் பெயர் வைத்தேன். கொடுக்கும்போது கண்ணுச்சாமி ஒன்று சொன்னார்.

"பாப்பா, வீட்டு நாய்க்கு ஒரே ஒரு பரீட்சைதான். திங்கும்போது தட்டுல கையை வச்சுப் பாரு. சும்மா இருந்துச்சுன்னா அது வீட்டு நாய். உறுமுச்சுன்னா அது தோட்டத்து நாய். முதல் நாள்லேர்ந்தே பழக்கிரு."

எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். உங்கள் ஊரிலும் சொல்வார்களா? பாருங்கள். அப்போது இது என் ஒருத்தியின் கிறுக்குத்தனம் இல்லையே. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. பொரி பால்சோற்றில் வாயை வைத்ததும் கையை உள்ளே விடுவேன். தட்டை எடுத்துவிடுவேன். பத்து எண்ணுவேன். திருப்பி வைப்பேன். சில நாள் முட்டையை எடுத்துக்கொண்டு சோற்றை மட்டும் திருப்பி வைப்பேன். கிடைத்தது கிடைக்காமல் போகும் என்பதையும் பழக வேண்டும் அல்லவா. நாலாவது மாதத்தில் ஒருநாள் தொண்டைக்குள்ளேயே உறுமினான். பேப்பரைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு. அடி இல்லை அக்கா, தட்டுதான். "கூடாது" என்று ஒரே சொல். அந்த வேளைச் சோறு கிடையாது. அடுத்த நாளும் உறுமினான், அடுத்த நாளும் அதே. இரண்டே மாதம். உறுமல் அடியோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கு யார் வந்தாலும், அம்மா காபி கொண்டு வருவதற்கு முன்னால், நான் பொரிக்குத் தட்டு வைத்து அதில் கையை வைத்துக் காட்டுவேன். கேபிள்காரர், அப்பாவின் கூட்டாளிகள், மஞ்சுவின் டியூஷன் டீச்சர், எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

மஞ்சு என் தங்கை. மஞ்சரி. பத்தாவது படிக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் ஆதாரம் இல்லாமல் பேசுவாள். ஒருநாள் வந்து நின்றாள்.

"அக்கா, அது உறுமல, சரி. ஆனா நீ கையை வச்சதும் திங்கிறதை நிறுத்திட்டு அப்படியே கல்லாட்டம் நிக்குது. கண்ணு ஓரத்துல வெள்ளை தெரியுது."

"அது மரியாதை."

"மரியாதைன்னா வால் ஏன் காலுக்குள்ள போகுது?"

"நீ முதல்ல கணக்குல எழுபது வாங்கு. அப்புறம் வாலைப் பத்திப் பேசலாம்."

போய்விட்டாள். பாருங்கள், அவளுக்குத் தன் கருத்தில் உறுதி இருந்திருந்தால் நின்று வாதாடியிருக்க வேண்டாமா?

ஐப்பசி வாக்கில் சில சின்னச் சின்ன விஷயங்கள் நடந்தன. தட்டுப் பக்கம் பெருக்கப் போன அம்மாவின் சேலையைக் கவ்வி இழுத்தான். கேபிள்காரரின் காற்சட்டை கிழிந்தது. அப்பா சங்கிலி வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே கட்டினார். அதுதான் எல்லாவற்றுக்கும் மூல காரணம் என்பது என் வாதம். கட்டிப் போட்டால் எந்த ஜீவனுக்கும் வெறி ஏறும். தீபாவளி வெடியும் ஒரு காரணம். மொத்தம் ஏழு காரணங்கள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன். வேண்டாமா, சரி.

பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாத்தூரிலிருந்து சுலோச்சனா அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வீட்டில் ஆட்டுக்கறி. நான் பொரியைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டிருந்தேன். அத்தை வாசல்படியிலேயே நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"வரதா, இதைப் புடிச்சுக் கட்டு. அது என்னையப் பாக்குற பார்வையே சரியில்ல."

"அத்தை, அது வீட்டு நாய். கடிக்காது."

"கடிக்காதுன்னு எழுதிக் குடுப்பியாடி, ரெங்கநாயகி?"

என் முழுப் பெயரைச் சொன்னால் என்னைச் சண்டைக்குக் கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். "எழுதியெல்லாம் எதுக்கு, காட்டுறேன்" என்றேன். சாப்பாடு முடிந்ததும் எல்லோருடைய இலையிலிருந்தும் எலும்பை எடுத்துப் பொரியின் தட்டில் போட்டேன். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு எலும்பு பார்த்ததில்லை. தட்டின் மேல் அப்படியே கவிழ்ந்துகொண்டான். நான் கையை நீட்டப் போனேன்.

அத்தை சொன்னாள், "நீ வச்சா கடிக்காது. நீதானே அதுக்கு எசமானி. வேற ஆளு வைக்கட்டும், பாப்போம்."

இந்த இடத்தில் நீங்கள் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அக்கா. அத்தை சொன்னதில் ஒரு தர்க்கம் இருந்தது. என் கை நிரூபணம் ஆகாது, அது பழகிய கை. நடுநிலையான கை ஒன்று வேண்டும். அத்தையின் கையைக் கேட்க முடியுமா? அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சு நின்றாள்.

"மஞ்சு, கையை வை."

"வேண்டாம்க்கா. இப்ப வேண்டாம். எலும்பு இருக்கு."

"அதனாலதான் வைக்கச் சொல்றேன். வை."

"அது கண்ணைப் பாருக்கா."

"மஞ்சு. அத்தை பாத்துக்கிட்டு இருக்கா."

வைத்தாள். வைத்தது தப்பில்லை. வைத்த பிறகு பாதியில் கையை இழுத்தாள் பாருங்கள், அதுதான் தப்பு. அசையாமல் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். சத்தமே இல்லை. ஒரு உறுமல் இல்லை, ஒரு குரைப்பு இல்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில் அவன் பல் இறங்கியிருந்தது. வலது கை.

அம்மா மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் தெருவில் நாய்க்கடிக்கு அதைத்தான் வைப்பார்கள். நான் டப்பாவைப் பிடுங்கி வீசினேன். மஞ்சுவைக் கொல்லையில் இருக்கிற குழாய்க்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். அது எனக்குத் தெரிந்திருந்தது, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. இதை யாரும் இப்போது சொல்வதில்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பாகப் போனது, அப்புறம் இளஞ்சிவப்பாகப் போனது. மஞ்சு ஒரு சத்தம் போடவில்லை. என் கைதான் சோப்பை இரண்டு முறை நழுவவிட்டது.

பொரி மாடிப்படிக்குக் கீழே போய்ச் சுருண்டுகொண்டு, படுத்த இடத்திலேயே மூத்திரம் போயிருந்தான். எலும்பு அப்படியே கிடந்தது.

அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள். அதற்கும் அவள் அழவில்லை. இன்னும் ஊசி பாக்கி இருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் இரண்டு பரீட்சை இடது கையால் எழுதப் பார்த்துவிட்டு, முடியாமல் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள். வெறிநோய் தெரிகிறதா என்று பத்து நாள் நாயைக் கண் முன்னாலேயே வைத்துப் பாருங்கள், எங்கேயும் அனுப்பாதீர்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். அதனால்தான் பொரிக்குப் பத்து நாள் கிடைத்தது. இல்லாவிட்டால் அன்று சாயங்காலமே அனுப்பியிருப்பார்கள்.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து பேசினார்.

"பத்து நாள் முடிஞ்சதும் வத்திராயிருப்பு பக்கத்துல கோழிப்பண்ணை இருக்கு, நம்ம வாடிக்கைதான். அங்க அனுப்பிருவோம். பதினோராம் நாள் மத்தியானம் வண்டி வருது."

"இது அநியாயம்ப்பா. விசாரணையே இல்லாம தண்டனையா?"

"என்ன விசாரணை வேணும்?"

"அது ஏன் கடிச்சுதுன்னு யாராவது கேட்டீங்களா?"

அப்பா கையிலிருந்த கடைச் சாவியைக் கீழே வைத்தார். பிறகு, "கடி வாங்குனவ மஞ்சு. அவ இருக்கட்டும்னு சொன்னா இருக்கட்டும். அவ போகட்டும்னா போகட்டும். நீயும் பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன்" என்றார்.

மஞ்சுவைப் பார்த்தோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

பேசக்கூடாது என்றால் எப்படி அக்கா? ஒரு உயிர் போகிற விஷயம். உயிர் என்று சும்மா சொல்லவில்லை. நான் அந்தப் பண்ணைக்கு நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் வகுப்புக்குப் போகாமல், இரண்டு பஸ் மாறிப் போனேன். நீளக் கம்பி ஒன்று கட்டி, அதில் இரண்டு நாய்களைச் சங்கிலியில் கோத்துவிட்டிருக்கிறார்கள். கம்பி இருக்கிற வரைக்கும்தான் அவை நடக்க முடியும். ஒன்றுக்குக் கழுத்தைச் சுற்றி முடியே இல்லை. இன்னொன்றுக்குக் குரைத்துக் குரைத்துத் தொண்டை போய்விட்டது, வாயைத் திறக்கிறது, காற்றுதான் வருகிறது. பண்ணைக்காரர் நல்ல மனிதர்தான். டீ வாங்கிக் கொடுத்தார். "கடிக்குமா, கடிக்காதாம்மா?" என்று கேட்டார். "கடிக்காதுங்க, ஒரே ஒரு தடவைதான்" என்றேன். "அட, எங்களுக்குக் கடிக்கிற நாய்தானம்மா வேணும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மதுரையில் நாய்கள் காப்பகம் ஒன்றுக்குப் போன் செய்தேன், இடமில்லை என்றார்கள். வகுப்பில் இருக்கிற இருபத்திரண்டு பேரையும் கேட்டேன். படத்தைப் பார்த்ததும் ஐயோ அழகு என்பார்கள். கடித்தான் என்றதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மறைத்திருக்கலாம்தான். எனக்குப் பொய் வராது. ஒரு பெண் மட்டும் கேட்டாள், "ஏன்ப்பா கடிச்சான்?" என்று. நான் ஏழு காரணங்களையும் சொன்னேன். நாலாவது காரணத்தில் அவளுடைய பஸ் வந்துவிட்டது.

அப்புறம் கால்நடை மருத்துவமனை. அப்பா ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். மஞ்சுவும் வந்தாள். பொரியின் வாயைக் கட்டுத்துணியால் கட்டியிருந்தோம். வழியெல்லாம் அவன் தலையைக் கட்டுப் போட்ட அவள் கையின் மேல்தான் வைத்திருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

டாக்டரம்மா நடுத்தர வயது. வெளியே ஆடும் மாடுமாக நின்றது. நான், "டாக்டர், முதல்ல பின்னணியைச் சொல்லிர்றேன்" என்று ஆரம்பித்தேன்.

"பின்னணி வேண்டாம்மா. வெளியே பதினாலு ஆடு நிக்குது. கேட்டதுக்கு மட்டும் சொல்லு. கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுச்சா?"

"இல்ல டாக்டர். உறுமவே உறுமாது. ஆறு மாசக் குட்டியா இருக்கும்போதே நிறுத்திட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்படி நிறுத்துன?"

சொன்னேன். கை, தட்டு, பத்து எண்ணுவது, முட்டை, பேப்பர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். எங்கள் வீட்டு விஷயத்தில் என்னை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

"ஏம்மா, நீ சாப்பிடும்போது உன் தட்டுல ஒருத்தர் தினம் ரெண்டு வேளை கையை விட்டா என்ன பண்ணுவே?"

"எதுக்குன்னு கேப்பேன்."

"அவனும் அதைத்தான் கேட்டான்."

"ஆனா டாக்டர், நாயும் மனுசனும் ஒண்ணு இல்லையே. அந்த ஒப்பீடே—"

"உறுமுறது கெட்ட பழக்கம் இல்லம்மா. பயமா இருக்கு, கிட்ட வராதேன்னு சொல்றது. அதுக்கு அடி விழுந்தா பயம் போகாது. சொல்றது மட்டும்தான் போகும். அடுத்த தடவை சொல்லாமலே பல்லு வந்துரும்."

"ஊர்ல எல்லாரும் இப்படித்தானே வளக்குறாங்க. எல்லா நாயுமா கடிக்குது?"

"கடி வாங்குனவங்க என்கிட்ட வர மாட்டாங்க. பக்கத்துத் தெருவுல மனுச ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போவாங்க."

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஆனால் அவர் மஞ்சுவின் பக்கம் திரும்பிவிட்டார். தட்டை வை, தள்ளிப் போ. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் கிட்டே போக வேண்டாம். ஒரு வாரம் கழித்து, தூரத்தில் நின்று தட்டுப் பக்கம் ஒரு துண்டு கறியைத் தூக்கிப் போடு. ஆள் வந்தால் சாப்பாடு போகாது, கூடத்தான் வரும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் திரும்ப ஆரம்பத்துக்கே வந்துவிடும். இதையெல்லாம் அவளிடம்தான் சொன்னார். எம்.ஏ. படிக்கிறவளை விட்டுவிட்டுப் பத்தாவது படிக்கிறவளிடம்.

மஞ்சு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இவனை அனுப்பாம வச்சுக்கலாமா டாக்டர்?"

"வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்கிட்டா வச்சுக்கலாம். ஒருத்தர் மாத்தி நடந்தாலும் கஷ்டம். அடுத்த தடவை கையோட நிக்காது."

நான் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன், "கேட்டுக்கோங்க, ஒருத்தர் மாத்தி நடந்தாலும் கஷ்டமாம். உங்க சங்கிலியைத்தான் சொல்றாங்க" என்று. அப்பா சங்கிலியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் வாதம் வென்றது என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஆனால் மஞ்சு வாயைத் திறக்கவில்லை. ஐந்து நாள், ஆறு நாள், ஏழு நாள். கையில் கட்டு இருப்பதால் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவது நான்தான். அந்தப் பத்து நிமிடம் அவள் எங்கேயும் போக முடியாது. அதனால் தினமும் ஒரு வாதத்தை எடுத்து வைத்தேன். முதல் நாள் பண்ணை. இரண்டாம் நாள் விலங்குகளின் உரிமை. மூன்றாம் நாள், நம் வீட்டில் உன் ஒருத்திக்குத்தான் முடிவெடுக்கும் அதிகாரம் கிடைத்திருக்கிறது, அதை ஒரு பெண்ணாக நீ எப்படிப் பயன்படுத்தப் போகிறாய் என்பது.

"அக்கா, இறுக்காத."

"எதை?"

"பின்னலை. வாதம் பண்ணும்போது நீ இறுக்குற. ஸ்கூல் போய்ச் சேர்றதுக்குள்ள தலை வலிக்குது."

"பேச்சை மாத்தாத. நீ என்ன முடிவு பண்ணியிருக்க?"

"இன்னும் நாள் இருக்குல்ல."

"பொரிமேல உனக்குக் கோபமா?"

"இல்ல."

"அப்ப என்ன யோசனை? கோபம் இல்லைன்னா இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே."

அவளுக்குப் பயமாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். பயம் எதற்கு? இந்தப் பத்து நாளும் பொரிக்குச் சோறு வைத்ததே அவள்தான். இடது கையால் தட்டை வைப்பாள், கொல்லைச் சுவரோரம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். பாட்டு முணுமுணுப்பாள். அவன் சாப்பிட்டு முடித்து வந்து அவள் முதுகில் மூக்கை வைக்கிற வரைக்கும் திரும்ப மாட்டாள். இதற்குப் பேர் பயிற்சியா? இதில் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது? ஒன்பது மாதம் நான் செய்ததெல்லாம் வீணாகிறதே என்று எனக்குப் பதறும். ஒருநாள் அவள் இல்லாத நேரத்தில், மறந்துவிட்டானா என்று பார்க்க மட்டும், மெதுவாகத் தட்டுப் பக்கம் கையைக் கொண்டு போனேன். ஒரே ஒரு தடவை. தொடக்கூட இல்லை. பொரி தட்டை விட்டுவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவன் சாப்பிடவில்லை. மஞ்சு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

கல்லுப்பட்டி வந்துவிட்டதா? ஏறுகிறவர்கள் ஏறட்டும், நீங்கள் நகர வேண்டாம்.

நேற்று சாயங்காலம்தான் கடைசிச் சம்பவம். பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா விளக்குமாற்றோடு அந்தப் பக்கம் போனாள். பொரியின் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மெலிசாக, தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி. பத்து நாளில் எல்லாம் பாழ். நாளைக்கு மத்தியானம் வண்டி வருகிறது, இவன் இன்றைக்குப் போய் உறுமுகிறான். அப்பா காதில் விழுந்தால் என்ன ஆகும்? மேஜை மேலிருந்த பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். அவனைக் காப்பாற்றத்தான் ஓடினேன், அக்கா.

மஞ்சு கொல்லை வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள், கட்டுப் போட்ட கையையும் சேர்த்து.

"அம்மா, நீ அந்தப் பக்கமா சுத்திப் போம்மா. சொல்லிட்டான்ல," என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். உறுமியதற்குச் சந்தோஷப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"வழி விடு மஞ்சு."

"விட மாட்டேன்."

"நான் அவன் நல்லதுக்குத்தான்—"

"தெரியும்க்கா. பேப்பரை வை."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் என்னை எதிர்த்து நின்றாள். நான் பேப்பரை வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ராத்திரி அவளுக்காக என் கடைசி வாதத்தைத் தயார் செய்தேன். மூன்று பக்கம் வந்தது.

இன்று காலை ஏழே காலுக்கு அப்பா கடைக்குக் கிளம்பி நின்றார். அம்மா என் டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சு பள்ளிச் சீருடையில், தலை பின்னாமல், பொரியின் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்னிடம் தலை பின்ன வரவில்லை. பொரி அவள் காலடியில் படுத்திருந்தான்.

"மஞ்சு, பண்ணைக்காரர் போன் பண்ணுனார். வண்டியை வரச் சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?"

"அப்பா, அவ சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாயின்ட்" என்றேன். மூன்று பக்கமும் கையில் இருந்தது.

"ரெங்கா, நீ பத்து நாளா பேசிட்ட. அவ ஒரு நிமிசம் பேசட்டும்."

மஞ்சு ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவிடம்தான் சொன்னாள்.

"பொரி இருக்கட்டும்ப்பா. அவன் பயமில்லாம உறுமிப் பழகுற வரைக்கும் அக்கா ஹாஸ்டல்ல இருக்கட்டும்."